மனுவில் நான் விட்டுவைத்த ஓர் இடம்

2023 நவம்பரில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், பெங்களூரிலிருந்து கோலார் தங்கவயலுக்குப் போகும் மாரிக்குப்பம் ரயிலில் எதிர் சீட்டில் இருந்த அண்ணன் ஒருவர் என் கையில் ஒரு நோட்டைக் கொடுத்து, "நீதான் நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதுறியேம்மா, இதையும் கொஞ்சம் சரிபண்ணிக் குடு" என்றார். அவர் அப்பாவும் என் அப்பாவும் சாம்பியன் ரீஃப் தங்கச் சுரங்கத்தில் ஒரே ஷிஃப்ட். நோட்டின் முதல் பக்கத்தில் ஒரு மனு. கோலார் தங்கவயலில் அரசு நர்சிங், மகப்பேறு கல்லூரி ஒன்றைச் சட்டம் போட்டு அமைக்க வேண்டும், பழைய சுரங்க ஆஸ்பத்திரிக் கட்டடத்தை அதற்கு ஒதுக்க வேண்டும், வருஷத்துக்கு 100 சீட் வேண்டும். அதற்குக் கீழே நாற்பது கையெழுத்து இருக்கும். ஒயிட்ஃபீல்டு தாண்டுவதற்குள் நானும் போட்டுவிட்டேன். யோசிக்க என்ன இருக்கிறது? காலையில் இருட்டோடு கிளம்பி பெங்களூருக்கு வந்து இரவில் வீடு திரும்பும் எங்கள் ஊர்ப் பெண்களில் எத்தனை பேர் நர்ஸ்கள் என்று அந்த ரயிலில் போகிற எல்லோருக்கும் தெரியும். இங்கே எந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாலும் ஏதாவது ஒரு மாடியில் தங்கவயல் தமிழ் பேசும் ஒரு சிஸ்டர் கிடைப்பார். ஊருக்கே கல்லூரி வந்தால் நல்லதுதானே.

அன்று போட்ட கையெழுத்து அடுத்த இரண்டு மாதம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. கல்லூரி வேண்டாம் என்று நான் மாறிவிடவில்லை. என்ன கேட்கிறோம் என்று தெரியாமல் கேட்டுவிட்டேனோ என்றுதான் தோன்றியது.

முதலில், எதற்குச் சட்டம் என்பதில் அந்த அண்ணன் சொன்னதை நான் இன்றைக்கும் ஒப்புக்கொள்கிறேன். "உத்தரவு போட்டாங்கன்னா அடுத்த ஆளு வந்து வேற உத்தரவு போடுவான். சட்டம் போட்டா அத எடுக்கறதுக்கும் சபையில நின்னு பேசணும்" என்றார். 2001 பிப்ரவரி 28ஆம் தேதியோடு சுரங்கத்தையே மூடியதைப் பார்த்த ஊர் அது. நூறு வருஷத்துக்கு மேல் சங்கு ஊதிய இடம், ஒரு முடிவில் அடங்கிப்போனது. வேலையோடு தொழிலாளர் லைன் வீட்டுத் தண்ணீர், கரண்ட், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாமே ஆட்டம் கண்டன. அதனால் எங்கள் ஊர்க்காரர்கள் எழுத்தில் இருப்பதைத்தான் நம்புவார்கள், அதுவும் லேசில் கிழிக்க முடியாத எழுத்து. கர்நாடகத்து நர்சிங் கல்லூரிகளைத் தன் கீழ் வைத்திருக்கும் ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகமே 1994ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்ததுதான். அப்படி இருக்கும்போது பின்தங்கிய ஒரு வட்டாரத்துக் கல்லூரிக்குச் சட்டம் கேட்பது பேராசை ஆகாது.

அம்மா வேலை பார்த்த வார்டு

என் அம்மா 1975லிருந்து சுரங்கம் மூடும்வரை சுரங்க ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் இருந்தார். படித்தது வேலூர்ப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில். இப்போது என்னோடு லிங்கராஜபுரத்தில் இருக்கிறார். எங்கள் லைனில் எனக்குப் பின்னால் பிறந்த பிள்ளைகளில் பாதிப் பேராவது அம்மா கையில் பிறந்தவர்கள், இப்போதும் கல்யாண வீடுகளில் நாற்பது வயது ஆண்கள் வந்து "நீங்கதானே என்ன எடுத்தீங்க" என்று காலைத் தொட்டுக் கும்பிடுவார்கள். அந்த வார்டில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஓடும், வலியில் இருக்கிறவள் எந்த மொழியில் கத்துகிறாளோ அந்த மொழியில் பதில் சொல்லணும், அதுவும் வேலைதான் என்பார் அம்மா. படிக்கும்போது முதல் பத்துப் பிரசவம் சும்மா நின்று பார்க்க மட்டும்தான் விட்டார்களாம். அப்புறம் சிஸ்டர் தன் கையை இவர் கைமேல் வைத்து, தலை வெளியே வரும்போது எவ்வளவு தாங்க வேண்டும், எப்போது ஒன்றும் செய்யாமல் காத்திருக்க வேண்டும் என்று பிடித்துக் காட்டியிருக்கிறார். "இழுக்கக் கூடாதுன்னு சொல்லிக் குடுக்கறதுக்குத்தான் அத்தன நாள் ஆச்சு" என்று அம்மா அடிக்கடி சொல்வார்.

அந்த ஆஸ்பத்திரி பல வருஷம் பூட்டிக் கிடந்தது. 2021இல் கொரோனாவின் இரண்டாம் அலையில் ஊர்க்காரர்கள், இளைஞர்கள் எல்லாம் இறங்கி, புதரை வெட்டி, குப்பை அள்ளி, கழுவி, அதைக் கோவிட் ஆஸ்பத்திரியாகத் திறக்கும்படி செய்தார்கள். அந்தப் படங்களை போனில் பார்த்து அம்மா அழுதார். மனுவில் அந்தக் கட்டடத்தைக் கேட்டதற்குக் காரணம் அதுதான், எனக்கும் அது சரியாகவே பட்டது. ஆனால் படத்தைப் பார்த்து முடித்ததும் அம்மா கேட்ட கேள்வி, "கட்டில் போட்டாச்சு, ராத்திரி டூட்டிக்கு யார் நிக்கறாங்க?" அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவரைக்காய் பிதுக்கிய மதியம்

கிறிஸ்துமஸ் லீவில் என் சொந்த அண்ணனின் மகள் வந்திருந்தாள். இங்கே ஒரு தனியார் கல்லூரியில் பி.எஸ்சி. நர்சிங் கடைசி வருஷம். அண்ணன் கடன் வாங்கித்தான் சேர்த்தார். மதியம் சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கம் அம்மா ஊறவைத்த அவரைக்கொட்டையைப் பிதுக்கிக்கொண்டிருக்க, மறுபக்கம் இவள் ஒரு தடிமனான கேஸ் புக்கில் எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இன்னொரு பெண்ணின் கேஸ் புக் திறந்திருந்தது.

"இன்னாம்மா எழுதுற?"

"டெலிவரி கேஸ், ஆயா. இருபது எழுதணும், திங்கக்கிழம சைன் வாங்கணும்."

"ஒண்ணு படி, கேக்கறேன்."

முதல் பிரசவம், 23 வயது, 38 வாரம், பெண் குழந்தை, 2.8 கிலோ. அம்மா தலையாட்டினார். "நஞ்சுக்கொடி எவ்ளோ நேரத்துல வந்துச்சு?" பத்து நிமிஷம். அடுத்ததைப் படிக்கச் சொன்னார். அதிலும் பத்து நிமிஷம். மூன்றாவது, அதுவும் பத்து நிமிஷம். அம்மா கையைப் பாத்திரத்திலிருந்து எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

"இதுல எத்தினி கொழந்த உன் கையில பொறந்துச்சு?"

பேனாவை மூடினாள். கொஞ்ச நேரம் கழித்து, "மூணு, ஆயா" என்றாள். "அதுலயும் ஒண்ணு சிஸ்டர்தான் எடுத்தாங்க, நான் புடிச்சுக்கிட்டேன்."

அம்மா திட்டவில்லை. நான்தான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், அம்மா கண்ணாலேயே அடக்கினார். அப்புறம் அவளே சொல்லத் தொடங்கினாள். அவள் கல்லூரிக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரி உண்டு, அங்கே வரும் பிரசவங்களில் பாதி சிசேரியன், மீதியையும் டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள், பணம் கட்டி வருகிறவர்கள் மாணவிகளைத் தொட விடமாட்டார்கள். அதனால் லேபர் வார்டு போஸ்டிங்குக்கு ஒரு அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். அங்கே இவர்களைப் போல இன்னும் எத்தனையோ கல்லூரிப் பிள்ளைகள், ஏ.என்.எம். என்ற துணை நர்ஸ் படிப்புப் பிள்ளைகள், டாக்டருக்குப் படிக்கிறவர்கள். ஒரு மேசையைச் சுற்றி பத்துப் பேர் நின்றால் பின்னால் நிற்கிறவளுக்குத் தெரிவது முன்னால் நிற்கிறவளின் முதுகுதான். ஒரு கேஸை நாலு பேர் எழுதுவார்கள். "எல்லாரும் அப்படித்தான் அத்தை" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அம்மா பக்கம் திரும்பி, "ஆனா பயமா இருக்கு ஆயா, வேலைக்குப் போற எடத்துல லேபர் வார்டுல போட்டா நான் என்ன பண்ணுவேன்?" என்றாள்.

அம்மா அவள் கையைப் பிடித்து, மூடிய கைமுட்டியை அவள் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். "கொழந்த வந்ததுக்கு அப்புறம்தான் பயப்படணும். வயித்து மேல கைய வெச்சா இப்படிப் பந்து மாதிரி இறுகியிருக்கணும். மெத்துனு இருந்துச்சுன்னா உள்ள ரத்தம் போவுது, உடனே கூப்புடு." உலகம் முழுவதும் பிரசவத்தில் தாய்மார்கள் சாவதற்குப் பெரிய காரணம் பிரசவத்துக்குப் பின் போகும் ரத்தம்தான். நாலு வருஷம் படித்த பெண்ணுக்கு அந்த முதல் எச்சரிக்கை கையால் தெரிந்தது எங்கள் சாப்பாட்டு மேசையில்.

நம் நாட்டில் ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ, பி.எஸ்சி. முடிக்கிற எல்லோரையும் நர்ஸ் என்றும் மிட்வைஃப் என்றும் ஒன்றாகவே பதிவு செய்வார்கள். பெயருக்குப் பின்னால் அந்த இரண்டு பட்டமும் அவளுக்கும் வரும். மூன்று குழந்தை.

அன்று ராத்திரி நான் போட்ட கணக்கு

ரயில் அண்ணன் கொடுத்த நோட்டு அலமாரியில் இருந்தது. எடுத்து, 100 சீட் என்ற வரியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஒருத்திக்கு 20 பிரசவம் என்றால் 100 பேருக்கு 2,000. அதுவும் சுகப்பிரசவம், அதுவும் அவளே கையால் பார்த்தது, அதுவும் ஒவ்வொரு வருஷமும், ஏனென்றால் வருஷா வருஷம் அடுத்த செட் வரும். கர்நாடகத்தில் 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 31.5 பிரசவம் சிசேரியன். அப்படிப் பார்த்தால் 2,000 சுகப்பிரசவம் நடக்க அந்த ஆஸ்பத்திரிக்கு வருஷத்துக்கு 2,900க்கு மேல் பிரசவம் வரவேண்டும், ஒன்றைக்கூட வேறு மாணவர்களுக்கு விட்டுக்கொடுக்காமல். எங்கள் ஊர் தாங்குமா? யோசித்துப் பார்த்தால் மாநிலத்தில் எத்தனை ஊர் தாங்கும்?

இதை வைத்துக்கொண்டு 2023இன் தேசிய நர்சிங் மற்றும் மகப்பேறு செவிலிய ஆணையச் சட்டத்தைத் தேடிப் படித்தேன். மக்களவையில் ஜூலை 28, மாநிலங்களவையில் ஆகஸ்ட் 8 என்று பதினோரு நாளில் இரண்டு சபையும் தாண்டியது. 1947ஆம் ஆண்டின் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாக வந்தது. அதன்படி புதுக் கல்லூரி தொடங்க, சீட்டைக் கூட்ட, மதிப்பீட்டு வாரியத்திடம் முன் அனுமதி வாங்க வேண்டும், அவர்கள் ஆறு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும், மறுத்தால் மேல்முறையீடு செய்யலாம். யார் அனுமதி கொடுப்பது என்பது தெளிவாக இருக்கிறது, நல்லதுதான். ஆனால் யார் கேட்டு வந்தாலும் அனுமதிப்பதா வேண்டாமா என்று சொல்ல ஒரு வாசல் இருக்கிறதே தவிர, யாருமே கேட்டு வராத ஊருக்கு அந்த வாசல் என்ன செய்யும்? அந்த இடத்தைத்தான் தனிச் சட்டம் நிரப்ப முடியும் என்று இன்னும் நம்புகிறேன்.

அதே வருஷம் ஏப்ரலில் மத்திய அமைச்சரவை 157 அரசு நர்சிங் கல்லூரிகளுக்கு 1,570 கோடி ஒதுக்கியது. வருஷத்துக்கு 15,700 நர்ஸ்கள் வெளியே வருவார்கள் என்று கணக்கு, ஆக ஒரு கல்லூரிக்கு 100 பேர், பத்துக் கோடி. 2014க்குப் பின் வந்த மருத்துவக் கல்லூரிகளின் கூடவே அவற்றை அமைப்பார்கள். அது ஒரு வகையில் புத்திசாலித்தனம், ஆஸ்பத்திரி இருக்கிற இடத்தில் பள்ளியை வைக்கிறார்கள். வேலூர் சி.எம்.சி. அப்படித்தான் வளர்ந்தது. 1902இல் 40 படுக்கை ஆஸ்பத்திரி, 1909இல் நர்சிங் பள்ளி, டாக்டர் படிப்பு அதற்கும் பின்னால் 1918இல்தான். என்ன, புது அரசு மருத்துவக் கல்லூரி கிடைக்காத ஊருக்கு அந்த வரிசையில் நர்சிங் கல்லூரியும் கிடைக்காது. நாங்கள் அந்தப் பட்டியலுக்கு வெளியே.

சட்டமும் பாடத்திட்டமும் காகிதம்தான், அது எதைச் செய்துவிடும் என்று சிலர் சொல்வதுண்டு. நான் அப்படி நினைக்கவில்லை, காகிதம் ஒரு கைத்தொழிலையே குறைத்துவிடும். 1973இல் கர்தார் சிங் குழு, ஏ.என்.எம்.களைப் பல வேலை பார்க்கும் சுகாதாரப் பணியாளராக மாற்றச் சொன்னது. 1977இல் அவர்கள் பயிற்சியை இரண்டு வருஷத்திலிருந்து ஒன்றரை வருஷமாக வெட்டினார்கள். ஊசி, குடும்பக் கட்டுப்பாடு, ரெஜிஸ்டர் எல்லாம் சேர, பிரசவம் சுருங்கியது. கிராமத்தில் பிரசவம் பார்க்கத் தெரிந்த ஒரு தலைமுறையே அப்படித்தான் தேய்ந்தது. 2018 டிசம்பரில் மறுபடியும் மகப்பேறு செவிலியருக்கென்று தனி வழிகாட்டுதல் போட்டு, நர்சிங் முடித்தவர்களுக்கு 18 மாதப் பயிற்சி வைத்தார்கள். காகிதத்தில் போனதைக் காகிதத்தில் திரும்பக் கொண்டுவரப் பார்க்கிறார்கள். வழியில் 40 வருஷம் போயிருக்கிறது.

மனுவைத் திருத்தி எழுதினேன்

ஜனவரியில் ஒரு ஞாயிறு முழுக்க அம்மாவும் நானும் உட்கார்ந்து எழுதினோம். சட்டம் வேண்டும் என்ற வரியை அப்படியே வைத்தோம். கட்டடம் என்ற வரியைக் கீழே தள்ளி, அந்த இடத்தில் பிரசவ வார்டு என்று எழுதினோம். முதலில் 24 மணி நேரமும் டாக்டர், மயக்க மருந்து டாக்டர், ரத்தம் எல்லாம் இருக்கும் வார்டு ஓடவேண்டும், அது ஓடத் தொடங்கின பிறகு முதல் செட் பிள்ளைகள் சேரட்டும். கல்லூரிச் சட்டத்திலேயே ஆசிரியர் பணியிடங்களை நிரந்தரப் பணியிடமாக எழுத வேண்டும் என்றார் அம்மா, கான்ட்ராக்டில் வருகிறவர் நல்ல இடம் கிடைத்ததும் பெங்களூருக்குப் போய்விடுவார், போகத்தானே செய்வார். லேபர் வார்டில் கூட நிற்க பத்து வருஷம் பிரசவம் பார்த்த சிஸ்டர்கள் வேண்டும், அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதற்கென்று தனிச் சம்பளம் வேண்டும். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு ஒதுக்கீடு. இது முடியாத காரியம் இல்லை, இதே மாநிலத்தில் கல்யாண கர்நாடக மாவட்டங்களுக்கு அரசியல் சாசனத்தின் 371ஜே பிரிவு வழியாகப் படிப்பிலும் வேலையிலும் உள்ளூர்க்காரர்களுக்கு இடம் வைத்திருக்கிறார்கள். கோலார் அதில் வராது. ஆனால் பின்தங்கிய வட்டாரத்துக்குச் சட்டத்தில் இடம் கேட்டு வாங்கலாம் என்பதற்கு அதுவே சாட்சி.

கடைசியாக அம்மா சொல்லி நான் எழுதிய வரி: எந்த வருஷத்திலும் சேர்க்கும் மாணவிகளின் எண்ணிக்கை, அதற்கு முந்தின வருஷம் அந்த ஆஸ்பத்திரியின் பிரசவ ரெஜிஸ்டரில் உள்ள சுகப்பிரசவத்தை 20ஆல் வகுத்து வரும் எண்ணைத் தாண்டக் கூடாது.

அடுத்த வாரம் ரயிலில் அந்த அண்ணன் படித்தார். நிதானமாக, இரண்டு தடவை. அந்த வரி வந்ததும் நிமிர்ந்து, "நூறு கேட்டாத்தான் அறுபது குடுப்பான். நீ முப்பது நாப்பதுனு நின்னா மீதிப் புள்ளைங்க எங்க போகும்? உங்க அண்ணன் மாதிரி கடன் வாங்கிட்டு இதே ரயில்லதான போவணும்?" என்றார். அவர் மகளுக்கு அடுத்த வருஷம் பி.யூ.சி. முடிகிறது. அவர் கேட்டதற்கு என்னிடம் முழுசாகப் பதில் இல்லை. சுற்று வட்டார ஆஸ்பத்திரிகளையும் போஸ்டிங்குக்குச் சேர்த்துக்கொண்டால் எண்ணிக்கை கூடும் என்றேன், பங்காருப்பேட்டை, கோலார். அங்கேயும் ஏற்கனவே பிள்ளைகள் நிற்கிறார்களே என்றார். அதுவும் உண்மை. மாலூர் வரும்வரை இரண்டு பேரும் பேசவில்லை. அப்புறம் என் அண்ணன் மகள் சொன்னதைச் சொன்னேன், பத்து நிமிஷம், பத்து நிமிஷம், பத்து நிமிஷம், மூன்று குழந்தை. அவர் மூத்த பெண்ணின் முதல் பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் ராத்திரியோடு ராத்திரியாகக் கோலாருக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதை அப்போதுதான் அவர் என்னிடம் சொன்னார். அவள் பிழைத்துவிட்டாள். அன்று ராத்திரி டூட்டியில் இருந்த நர்ஸுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும், கை நடுங்கிக்கொண்டிருந்தது என்றார்.

அவர் நோட்டை மூடவில்லை. 100 என்று இருந்த இடத்தை அடித்துவிட்டு, பக்கத்தில் ஒரு கோடு போட்டார். தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டை அரசு ஆஸ்பத்திரியில் போன வருஷம் எத்தனை பிரசவம், அதில் எத்தனை சுகப்பிரசவம் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு எழுதிப் போடுகிறேன் என்றார். எழுதிப் போட்டும்விட்டார். பதில் வர முப்பது நாள். என் அண்ணன் மகள் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறாள், அம்மா ஒரு துணிப் பொம்மையையும் பழைய மண்பானையையும் வைத்துக்கொண்டு அவளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார். மனு என் அலமாரியில் இருக்கிறது, அந்தக் கோட்டுக்கு மேல் எழுதவேண்டிய எண் வரட்டும் என்று.